ஆற்றங்கரைப் பூக்கள்

பத்துப்பாட்டு எனப்படும் பழந்தமிழ்த் தொகுப்பில் எட்டாம் பாட்டாக விளங்குவது குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகளைக் கொண்ட இப்பாட்டை, ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவுறுத்தும் பொருட்டுக் கபிலர் பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் மலையருவியில் நீராடுகின்றனர். பின்னர்ச் சுற்றிலும் மலர்ந்து கிடக்கும் பூக்களைப் பறித்து வந்து, மழைநீர் கழுவிய பாறையின்மேல் குவிக்கின்றனர். அவ்வாறு குவித்த பூக்களாகக் கபிலர் எண்ணிக் கூறுபவை 99. காந்தளும் குறிஞ்சியும் அவற்றுள் உண்டு. பாதிரியும் புன்னையும் உண்டு. வேலியோரத் தும்பையும் உண்டு.

மாணவச் செல்வங்களே! அம்மலைப் பெண்களுக்குப் பூக்கடை என்பது தெரியாது. ஆயினும் தங்கள் கண்முன் மலர்ந்த பூக்களை எல்லாம் அவர்கள் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். இன்று நம் நிலை யாது? இவ்வாண்டின் தொடக்கத்தில், ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நாம் ஒரு வினா எழுப்பினோம். “உங்களுக்குத் தெரிந்த பூக்களின் பெயர்களை எழுதுங்கள்” என்றோம். ரோஜா, மல்லிகை, தாமரை, செம்பருத்தி, சாமந்தி என்று எழுதிய கைகள் ஏழாம் பெயரிலும் எட்டாம் பெயரிலும் நின்றுவிட்டன. எழுதப்பட்டவை பெரும்பாலும் கடையில் விற்கும் பூக்கள்; பாடநூலில் படம் போட்ட பூக்கள். பள்ளிக்குப் பின்புறம் ஓடும் ஓடைக்கரையில் அன்று காலையில் மலர்ந்திருந்த பூ ஒன்றேனும் எவரது தாளிலும் இடம்பெறவில்லை.

இதைப் பற்றிச் சிந்தித்துக் கொண்டிருந்த வேளையில்தான், பள்ளி விடுமுறையை ஒட்டிச் சிங்கப்பூருக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும் இவ்வாண்டு மலரின் வாயிலாக மாணவர்க்கும் பெற்றோர்க்கும் தோட்டப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

வசந்தம் இல்லாத நாடு

ஜோகூரில் வாழும் நமக்குச் சிங்கப்பூர் அயலூர் அன்று. 1924ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்தால் அந்நாடு. நம் பெற்றோருள் சிலர் விடியற்காலை இருளிலேயே மோட்டார் சைக்கிளில் அப்பாலத்தைக் கடந்து வேலைக்குச் சென்று, இரவில் திரும்புகின்றனர். சிங்கப்பூர் என்றதும் உயர்ந்த கட்டடங்களும் விரைந்தோடும் இரயில்களும்தாம் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகின்றன. காட்டுப்பூவைக் காணச் சிங்கப்பூருக்குப் போவார் உண்டோ என்று நீங்கள் நகைக்கக் கூடும்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் முடிந்து வசந்தம் பிறக்கும்போது, மலைப் பள்ளத்தாக்குகளிலும் ஆற்றுச் சரிவுகளிலும் காட்டுப்பூக்கள் ஒருசேர மலர்கின்றன. நாட்கள் நீள்வதையும் வெயில் ஏறுவதையும் கண்டு அச்செடிகள் காலத்தை அறிகின்றன. சிங்கப்பூரோ பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. அங்கே பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு. பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. இரு பருவக்காற்றுகளும், அவற்றினிடையே வரும் இடிமழையுமே அந்நாட்டின் பருவங்கள். நம் தோட்டத்தின் வானிலையும் அதுவே.

அப்படியாயின், வசந்தம் வராத நாட்டில் பூக்கள் எக்குறிப்பைக் கண்டு மலர்கின்றன? இவ்வினாவுக்கு விடையை நமக்குக் கற்பித்தவள் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி.

ஒன்பதாம் நாள்

அங் மோ கியோ வட்டாரத்தில் வாழும் நம் மைத்துனர் இல்லத்தில் தங்கியிருந்தோம். சென்று சேர்ந்த மறுநாள் விடியற்காலையில் பெரும் காற்றும் மழையும் வந்தன. சுமத்திராத் தீவிலிருந்து கிளம்பி மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இத்தகைய புயற்காற்றைச் ‘சுமத்திராக் காற்று’ என்றே வழங்குகின்றனர். முந்தைய நாள் வெயிலில் வெந்திருந்த ஊர் ஒரு மணி நேரத்தில் குளிர்ந்துவிட்டது. மைத்துனரின் மகள் சன்னலருகே வந்து நின்று, “மாமா, இன்றைய தேதியைக் குறித்து வையுங்கள். இன்றிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் நாம் இருவரும் கீழே போவோம். உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன்” என்றாள். என்ன என்று எத்துணை முறை வினவியும் அவள் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் எதிரே, சாலையின் இருமருங்கிலும் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. நாள்தோறும் அவ்வழியே நடந்த நாம் அவற்றின் கிளைகளில் ஒட்டியிருந்த மெல்லிய தண்டுகளைப் பொருட்படுத்தியதில்லை. அன்று காலையிலோ அக்கிளைகள் எல்லாம் வெண்மையாக இருந்தன. நூற்றுக்கணக்கான சிறு வெண்புறாக்கள் சிறகை விரித்துக் கிளையில் வந்தமர்ந்தாற் போன்ற காட்சி! நடுவில் சிறிது மஞ்சள். காற்றில் இனிய நறுமணம். அச்சாலையிலும் அடுத்த சாலையிலும் நின்ற மரங்கள் யாவற்றிலும் அதே பூ. வேலைக்கு விரைந்தோர் சிலர் மட்டும் அண்ணாந்து பார்த்துச் சென்றனர்.

“இதன் பெயர் புறா ஆர்க்கிட், மாமா. இன்று மாலைக்குள் வாடிவிடும்” என்றாள் அப்பெண்.

இதன் இயல்பைக் கேளுங்கள். இச்செடி வேற்று மரத்தின் கிளையைப் பற்றி வாழ்வது. ஆயினும் அம்மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழைநீரும் மரப்பட்டையில் தங்கும் தூசும் உதிர்ந்த இலையின் மக்குமே அதற்கு உணவு. அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். பெருமழையால் வெப்பம் திடீரென்று ஐந்து பாகை அளவு குறையுமாயின், அக்குளிர்ச்சியே மொட்டுகளை எழுப்புகிறது. அன்று தொடங்கும் வளர்ச்சி ஏறத்தாழ ஒன்பதாம் நாள் பூவாக முடிகிறது. ஒரே மழையில் நனைந்த செடிகள் எல்லாம் ஒரே நாளில் மலர்கின்றன. பூவின் வாழ்வோ ஒரு நாள்தான். தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொரு செடிக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒவ்வொரு செடியும் தான் நினைத்த நாளில் மலர்ந்தால், ஒருநாள் பூ ஒன்று மற்றொன்றைச் சந்திப்பது எங்ஙனம்? ஆதலின் அவை மழையையே நாட்காட்டியாகக் கொண்டன.

நம் முன்னோர் போற்றிய குறிஞ்சியும் இத்தகையதே. நீலகிரியிலும் மூணாற்றுப் பக்கத்து மலைகளிலும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுவதும் ஒருங்கே பூக்கிறது. 2006ஆம் ஆண்டில் பூத்தது. மீண்டும் 2018இல் பூத்தது. இனி 2030இல் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. அதன் பூப்பைக் கொண்டே தம் வயதைக் கணக்கிட்ட மலைவாழ் மக்கள் இருந்தனர் என்பர். அங்கே 12 ஆண்டு. இங்கே ஒன்பது நாள். பொறுத்திருந்து ஒருங்கே மலர்வது என்னும் அறிவு இரண்டிற்கும் பொதுவாக அமைந்திருப்பது வியப்பன்றோ!

மழை ஒன்றே குறிப்பு என்று எண்ண வேண்டா. சிங்கப்பூர்ச் சாலைகளில் நடப்பட்டுள்ள எக்காளப்பூ மரம், சில வாரம் வெயில் காய்ந்து பின் மழை பெய்தால் இளஞ்சிவப்பும் வெண்மையுமாகப் பூத்துக் குலுங்கும். பெரும்பாலும் மார்ச்சு, ஏப்ரல் திங்களிலும், மீண்டும் ஆகஸ்டு, செப்டம்பர் திங்களிலும் இக்காட்சியைக் காணலாம். சப்பானியச் செர்ரிப் பூவை நினைந்து அந்நாட்டு மக்கள் அதனைச் ‘சகுரா’ என்று செல்லமாக அழைக்கின்றனர். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். ஆயினும் கபிலர் பாடிய பாதிரிக்கு அது தாவரக் குடும்பத்தால் உறவு. இனி, இம்மண்ணுக்கே உரிய மெம்பாட் மரமும் இளஞ்சிவப்பாகப் பூப்பதே. 1963ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள், சிங்கப்பூரின் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்த திரு. லீ குவான் யூ அவர்கள் முதலில் நட்டது ஒரு மெம்பாட் மரமே.

தேக்காவின் மூங்கில்

தமிழர் சிங்கப்பூர் சென்றால் தேக்காவைக் காணாமல் திரும்புவதில்லை. நாமும் சென்றோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் ஆலயத்தை வணங்கி, பஃபலோ சாலை வழியே பூக்கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மல்லிகைச் சரங்களும் சாமந்தி மாலைகளும் ரோஜா மாலைகளும் தொங்கும் அவ்விடத்தின் மணம் தமிழ்நாட்டுக் கோயில் வீதியை நினைவூட்டுவது.

அங்கே பூக்கட்டிக் கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், “அம்மா, இம்மல்லிகை எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டோம். “இந்தியாவிலிருந்து விமானத்தில் வருகிறது, ஐயா” என்றார் அவர். நாம் எவ்வூர் என்று அவர் வினவ, ஜோகூரில் உள்ள தோட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னோம். அவர் கை ஒரு கணம் நின்றது. தாமும் ஒரு தோட்டத்தில் பிறந்தவர் என்றும், சிறுமியாக இருந்தபோது தும்பைப்பூவை நாரில் கோத்து லயத்துப் பிள்ளையாருக்குச் சாத்தியவர் என்றும் கூறினார். “உங்கள் தோட்டத்தில் இன்னும் தும்பை பூக்கிறதா, ஐயா?” என்று கேட்டார்.

“ஓடையோரத்தில் பூக்கிறது, அம்மா. ஆனால் பிள்ளைகளுக்குத்தான் அதன் பெயர் தெரியாது” என்றோம்.

அவர் சிரித்துவிட்டு, “பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அது காசு கேட்காது” என்றார். அச்சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது.

தேக்கா என்னும் பெயரைக் கேட்டுத் தேக்கு மரத்தால் வந்த பெயர் என நம்மவர் எண்ணக் கூடும். உண்மையில் அது சீன மொழியின் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்தது. ‘மூங்கிற் புதரின் அடி’ என்பது அதன் பொருள். அவ்விடத்தை ஒட்டி ஓடும் ரோச்சோர் ஆற்றின் கரையில் ஒரு காலத்தில் மூங்கில் அடர்ந்திருந்தது. ஆற்று நீரும் சதுப்புநிலப் புல்லும் மாடு வளர்ப்புக்கு ஏற்றவையாக இருந்தமையால், 19ஆம் நூற்றாண்டில் அங்கே மாட்டுத் தொழுவங்கள் பெருகின. மாட்டுத் தொழிலை நாடி இந்தியர் பலர் அங்குக் குடியேறினர். எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயரும், பஃபலோ சாலை என்னும் பெயரும் அதன் சான்றுகள். நகரின் மற்றொரு பகுதியில் ‘டோபி காட்’ என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஓடிய ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினர்.

எண்ணிப் பாருங்கள்! நம்மவர் அந்நகரில் முதலில் காலூன்றிய இடங்களுட் சில ஆற்றங்கரைப் புல்லும் ஓடை நீருமே. பின்னர்ச் சதுப்புநிலம் தூர்க்கப்பட்டது, மாடுகள் அகன்றன, மூங்கில் அழிந்தது, ஆறு கல்லும் சிமெண்டும் பூசிய கால்வாயாயிற்று. மூங்கிலைக் கண்டவர் இன்று எவருமில்லை. ஆனால் பெயர் மட்டும் நிலைத்தது. அப்பெயர் இல்லையேல், அங்கே மூங்கில் இருந்தது என்னும் செய்தியையும் நாம் இழந்திருப்போம்.

மண்கரைக்குத் திரும்பிய ஆறு

மைத்துனர் இல்லத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பீஷான் – அங் மோ கியோ பூங்கா உள்ளது. 62 ஹெக்டர் பரப்புள்ள அப்பூங்காவின் நடுவே காலாங் ஆறு ஓடுகிறது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து தெற்கே கடலை நோக்கிச் செல்லும் இவ்வாறு சிங்கப்பூரின் ஆறுகளுள் மிக நீளமானது.

இப்பூங்காவை ஒட்டிய பகுதியில் அது முன்பு 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. சிமெண்டுக் கால்வாய் கட்டியதைக் குறை கூறுவதற்கில்லை. வெள்ளம் அந்நாட்டு மக்களைப் பெரிதும் வருத்தியது. 1978ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டி, உயிர்களையும் கொண்டு சென்றது. மழைநீரைக் கடலுக்கு விரைந்து அனுப்புவதே அக்காலத்தின் தேவையாக இருந்தது. ஆயினும் சிமெண்டில் வேர் ஊன்ற எச்செடிக்கும் வழியில்லை.

2009ஆம் ஆண்டில் அச்சிமெண்டைப் பெயர்த்தெடுக்கும் பணி தொடங்கியது. 2012ஆம் ஆண்டு மார்ச்சில் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டபோது, நேர்க்கோடாக ஓடிய நீர் 3.2 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாகியிருந்தது. கரையைத் தாங்குவதற்குக் கற்களையும், கட்டுக்கட்டாகச் செடிகொடிகளையும் பயன்படுத்தினர். வேர்கள் மண்ணில் இறங்கிப் பின்னிக்கொண்டு கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. பெருமழை வந்தால் ஆறு அகன்று பக்கத்துப் புல்வெளியில் ஏறுகிறது; மழை நின்றதும் அடங்கித் தன் தடத்திற்குத் திரும்புகிறது. நீர் ஏறும்போது மக்களை எச்சரிக்க ஒலிக்கருவிகளும் விளக்குகளும் அமைத்துள்ளனர்.

அங்கே விலங்கோ பறவையோ எதனையும் கொண்டுவந்து விடவில்லை. ஆயினும் முதல் ஈராண்டுகளிலேயே உயிரினங்களின் வகை 30 விழுக்காடு பெருகியது என்பர். தும்பிகள் வந்தன; கொக்கும் மீன்கொத்தியும் வந்தன; 2014ஆம் ஆண்டில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றும் வந்து குடியேறியது. இடம் கொடுத்தமையே அவற்றுக்கு அழைப்பாயிற்று.

ஒரு காலைப் பொழுதில், நாமும் மைத்துனர் மகளும் அக்கரையில் வெட்டப்படாத புல்லினூடே பூக்களை எண்ணிக்கொண்டு நடந்தோம். 17 வகை எண்ணினோம். தொட்டாற்சுருங்கியின் இளஞ்சிவப்புப் பந்து. வெட்டுக்காயப் பூண்டின் மஞ்சள் நடுவுடைய சிறு பூ. நான்கே இதழ்களை ஒரு பக்கமாக விரிக்கும் நீல நிற வேளை. கொடியாகப் படர்ந்த ஊதாப்பூ. அப்பெண் தன் கைத்தொலைபேசியால் படம் பிடித்தாள். உடனே அக்கருவி ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானப் பெயரைக் கூறிற்று. ஆனால் வெட்டுக்காயத்தில் அதன் சாற்றைப் பிழிந்துவிட்ட நம் பாட்டி அதனை எப்பெயரால் அழைத்தார் என்பது அக்கருவிக்குத் தெரியவில்லை. அதை நாம் சொன்னோம். “எழுதிக் கொள்கிறேன், மாமா” என்று தன் ஏட்டில் குறித்துக் கொண்டாள். கருவி தந்த அறிவும் பாட்டி தந்த அறிவும் ஒரே ஏட்டில் சேர்ந்தமை நமக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

களை என்னும் பெயர்

தொட்டாற்சுருங்கியும் வெட்டுக்காயப் பூண்டும் இம்மண்ணில் தோன்றியவை அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்தவை. வந்த இடத்தில் வேரூன்றி, இன்று இங்குள்ள தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உணவளிக்கின்றன. தோட்டத்தில் அவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘களை’ என்பதொன்றே. பயிருக்கு இடையூறாகும் செடியைக் களைவது தொழில்முறை, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் பயிரில்லாத இடத்திலும் அப்பெயரையே சொல்லி எல்லாவற்றையும் அழிப்பது முறையா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிங்கப்பூரின் தேசிய மலர் வண்டா மிஸ் ஜோவாக்கிம் என்னும் ஆர்க்கிட். அந்நாட்டில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோவாக்கிம் அம்மையாரின் தோட்டத்தில் மலர்ந்து, 1893ஆம் ஆண்டில் தாவரவியல் பூங்காவின் தலைவர் ரிட்லியிடம் காட்டப்பட்டது. 1981ஆம் ஆண்டில் அது தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆர்க்கிட் இனங்களின் கலப்பால் பிறந்தது இம்மலர். அவ்விரண்டுள் ஒன்று, பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கின் சதுப்பில் மண்டிக் கிடந்தமையால் ‘கிந்தாக் களை’ என்று அழைக்கப்பட்ட செடி! களை எனப்பட்டதன் வழித்தோன்றல் ஒரு நாட்டின் சின்னமாகத் திகழ்கின்றது.

செண்டுடுக் செடியை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். ஊதாநிறப் பூ, கரிய பழம். பழத்தைத் தின்றால் நாக்கு கருநீலமாகிவிடும். ‘கருவாய்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அதன் விஞ்ஞானப் பெயராக வைத்துள்ளனர். சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயா இரயில் பாதை 2011ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாளோடு நின்றது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தை இன்று பசுமைப் பாதையாகக் காத்து வருகின்றனர். அதன் ஓரங்களில் செண்டுடுக் பூத்து நிற்பதைக் கண்டோம். பிற பயிர்கள் தாங்காத புளிப்பு மண்ணிலும் அது செழித்து வளரும். அதன் பூவில் மஞ்சள் நிற மகரந்தக் கேசரங்களும் ஊதாநிறக் கேசரங்களும் உண்டு. மஞ்சள் நிறத்தவை வண்டுக்கு உணவு; வண்டு அதை உண்ணும்போதே ஊதாநிறத்தவை அதன் உடலில் மகரந்தத்தைப் பூசி அடுத்த பூவுக்கு அனுப்பிவிடுகின்றன. இத்துணை நுட்பத்தை நாம் களை என்னும் ஈரெழுத்துச் சொல்லில் அடக்கிவிடுகின்றோம்.

காட்டுப்பூவால் தோட்டத்திற்கு என்ன பயன் என்று கேட்பார்க்கும் ஒரு விடை உண்டு. செம்பனையின் ஓலைகளைத் தின்று, இலைத் துணுக்குகளால் தனக்குத் தானே கூடு கட்டிக்கொள்ளும் பைப்புழுவை நம் தொழிலாளர் அறிவர். அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவிகள் உள. அக்குளவிகளுக்கு உணவு பூந்தேன். ஆகவேதான் மலேசியாவின் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில், சாலையோரங்களில் பூச்செடிகளை வேண்டுமென்றே நட்டு வளர்க்கின்றனர். பூ இருந்தால் குளவி இருக்கும். குளவி இருந்தால் புழு குறையும். புழு குறைந்தால் மருந்தும் குறையும். மருந்து குறைவது தெளிப்பவரின் உடலுக்கும் நன்று. களைக்கொல்லியாகப் பல்லாண்டு பயன்பட்ட பாராகுவாட், மனித உடலுக்குப் பெருங்கேடு விளைக்கும் நஞ்சு. மலேசியாவில் 2020ஆம் ஆண்டு முதல் அது தடைசெய்யப்பட்டுள்ளது என்பதைத் தோட்டப் பெருமக்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் ஓடை

சிங்கப்பூர் தன் ஆற்றங்கரை ஒன்றைச் சிமெண்டிலிருந்து மீட்பதற்கு மூன்றாண்டுகள் உழைத்தது. நம் ஓடைக்கோ இன்றும் மண்கரைதான். மீட்க வேண்டிய தேவை நமக்கு இல்லை, காத்தால் போதும்.

நம் கவலை வேறொன்று. தோட்டத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகரத்துக்குக் குடிபெயர்கின்றன. பூவின் பெயரையும் மூலிகையின் பயனையும் அறிந்த மூதாட்டியர் நம் லயத்து வீடுகளில் இன்று சிலரே உள்ளனர். அவர்கள் காலத்திற்குப் பின் தும்பை பூத்தாலும் அதனைத் தும்பை என்று அழைப்பார் இலர். பெயர் தெரியாத செடியைக் காக்க எவரும் கை நீட்டுவதில்லை. அதனால்தான் பெயரைக் காப்பதும் கரையைக் காப்பதும் ஒரே பணி என்கிறோம்.

ஆகவே மூன்று செயல்களைத் தொடங்கியுள்ளோம். முதலாவது, பள்ளி நூலகத்தில் ‘பூப்பதிவேடு’ ஒன்று திறக்கப்பட்டுள்ளது. மாணவர் ஒவ்வொருவரும் ஓடைக்கரையிலோ சாலையோரத்திலோ கண்ட பூவை வரைந்து, அது மலர்ந்த நாளையும், வீட்டிலுள்ள பெரியோர் அதற்குக் கூறிய பெயரையும் எழுதுதல் வேண்டும். பூவைப் பறித்து ஒட்ட வேண்டா, வரைந்தால் போதும். இரண்டாவது, பெருமழை பெய்த நாட்களை வகுப்பறைச் சுவரில் குறித்து வைப்போம். பள்ளி வாசலில் நிற்கும் பெரிய மரத்தின் கிளைகளிலும் புறா ஆர்க்கிட் ஒட்டியிருப்பதைத் திரும்பி வந்தபின் கண்டோம். அடுத்த பெருமழைக்கு ஒன்பதாம் நாள் காலையில், மாணவர் தாமே அதனைச் சோதித்து அறியட்டும். மூன்றாவது, ஓடையின் இரு கரையிலும் சில அடி அகலம் மருந்து தெளிக்காமல் விடுமாறு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வாயிலாகத் தோட்ட நிர்வாகத்திற்கு எழுதியுள்ளோம்.

பெற்றோர்களே! பிள்ளை ஒரு பூவைக் கையில் காட்டி, “இது என்ன?” என்று கேட்டால், “ஏதோ களை” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிடில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டியிடம் செல்லுங்கள். பாட்டியரே! நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பெயரும் எங்கள் ஏட்டில் ஏறும். யார் சொன்னது என்பதும் அதன் அருகே எழுதப்படும்.

இம்மலர் அச்சுக்குச் செல்லும் நாளில் பூப்பதிவேட்டில் 31 பெயர்கள் ஏறியுள்ளன. முதற் பெயர் தும்பை. கபிலர் எண்ணியவை 99. எஞ்சியவை நம் ஓடைக்கரையிலும் உங்கள் இல்லத்துப் பெரியோர் நாவிலும் காத்திருக்கின்றன. அவற்றைத் தேடி எழுதும் பொறுப்பை மாணவச் செல்வங்களாகிய உங்களிடம் மகிழ்வோடு ஒப்படைக்கின்றோம்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நற்றமிழ்!